இரு முனையும் இசைந்தால்...

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரொன்றில் புகையிரதத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும், நம்முடைய கதைகளிலே யாராவது ஒருவர் ஊரை விட்டுப் போகிறார் என்றாலும், யாராவது ஒருவர் திரும்பி வருகிறார் என்றாலும், அந்தக் காட்சியின் பின்னணியில் பெரும்பாலும் ஒரு புகையிரத நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்தின் வரலாறு தெரியாமல் அந்தக் கதைகளை முழுமையாக வாசித்துவிட முடியாது என்பது என் எண்ணம். ஆகவே இன்று அந்த வரலாற்றிற் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தந்தையார் தென்மராட்சியிலே ஒரு சிறு நிலையத்தில் வேலை பார்த்தவர். நிலைய அதிபர் அல்லர். தண்டவாள மாற்றுகளையும் கைகாட்டியையும் கவனித்துக்கொள்ளும் சாதாரண ஊழியர். வடபகுதிப் பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் அதில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பொறி இருக்கும். இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பொறிக்குள்ளே வட்டமான உலோகத் தகடுகள் உண்டு. அவற்றை ரப்லெற் என்பார்கள். மணியடித்துக் கேட்டு, மறுமுனையில் உள்ளவர் இணங்கினால் மாத்திரமே இம்முனையில் ஒரு தகடு வெளியே வரும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் பொறிக்குள் போகும்வரை வேறொரு தகட்டை எந்த முனையிலும் எடுக்க முடியாது. அந்தத் தகட்டைத் தோற்பைக்குள் இட்டு, பெரிய வளையமொன்றில் மாட்டி, சாரதியின் கையிற் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த நிலையத்துக்கு வண்டியை ஓட்டமாட்டார்.

நிற்காமற் போகும் வண்டியொன்றுக்கு என் தந்தையார் அந்த வளையத்தை உயர்த்திப் பிடித்துக் கொடுப்பதைச் சிறுவயதிற் பலமுறை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் இன்றும் என் காதில் இருக்கிறது. "தம்பி, அங்கால நிக்கிறவன் ஓமெண்டு சொன்னால்தான் இங்காலயிருந்து வண்டி வெளிக்கிடும். நாங்கள் மட்டும் நினைச்சால் காணாது" என்றார்.

ஒரு பாதைக்கு இரண்டு முனைகள் உண்டு என்ற இந்த எளிய உண்மையை வைத்துக்கொண்டு நம் நாட்டின் புகையிரத வரலாற்றைப் பார்த்தால், பாடப்புத்தகத்தில் நாம் படித்ததிலிருந்து அது சற்று வேறுபட்டுத் தெரிகிறது.

பாடப்புத்தகம் கொழும்பிலிருந்து தொடங்கும். 1864 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, அதாவது 54 கிலோமீற்றர் தூரம், முதல் வண்டி ஓடியது. 1867 இல் பாதை கண்டியை அடைந்தது. 1874 இல் நாவலப்பிட்டி, 1885 இல் நானுஓயா, 1924 இல் பதுளை என்று மலைமேல் ஏறியது. இந்தப் பாதை பிரயாணிகளின் வசதியைக் கருதிப் போடப்பட்டதன்று. மலைநாட்டிலே விளைந்த கோப்பிக்கொட்டை மாட்டு வண்டிகளிற் பல நாட்கள் பயணஞ் செய்தே கொழும்புத் துறைமுகத்தை அடைய வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தைப் போக்கவே தோட்டத்துரைமார் புகையிரதம் கேட்டார்கள். பாதை போட்டு முடிந்த சில ஆண்டுகளிலேயே கோப்பிச் செடியை நோய் பற்றிக்கொண்டது. கோப்பி அழிந்தது. அதே தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கத் தொடங்கின. சரக்கு மாறினாலும் அது போகும் திசை மாறவில்லை. மேலேயிருந்து கீழே, தோட்டத்திலிருந்து துறைமுகத்துக்கு என்பதே அந்தப் பாதையின் நியதியாயிருந்தது.

வடக்குக்கு அப்போது புகையிரதம் இல்லை. 1897 ஆம் ஆண்டு ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் இலங்கைக்கு வந்தார். கொழும்பிலிருந்து கண்டிவரை அவர் புகையிரதத்திற் சென்றார். மாத்தளைக்கு அப்பால் யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ இருநூறு மைல் தூரத்தைத் தெருவழியே வண்டியிற் கடக்க வேண்டியிருந்தது. தம்புள்ளையைத் தாண்டிச் சில மைல் போனதும் வண்டியின் சில்லு உடைந்து, வழியிலே மூன்று மணி நேரம் காத்து நின்றதாகப் பயணக் குறிப்புகள் கூறுகின்றன. உலகெங்கும் புகழ்பெற்ற ஒருவருக்கே அந்த நிலை என்றால், சாதாரண குடியானவன் கொழும்புக்குப் போய்வருவது எத்தகைய காரியமாக இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒன்றில் வன்னிக் காட்டினூடே தெருப்பயணம்; அல்லாவிட்டாற் கடற்பயணம்.

இங்கேதான், நேயர்களே, பலரும் அறியாத ஒரு செய்தியைக் குறிப்பிட விரும்புகிறேன். யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் கொழும்பிலிருந்து வந்தது என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. 1902 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆந் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலேதான் வடபகுதியின் முதல் வண்டி ஓடியது. அதே ஆண்டு செப்டெம்பரில் அது பளை வரை நீண்டது. தெற்கேயிருந்து வந்த பாதையோ 1894 இல் குருநாகலை எட்டி, அதன் பின்னரே மெல்ல மெல்ல அநுராதபுரத்தை நோக்கி நகர்ந்தது. இரண்டும் இணைந்து, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேராக வண்டி வந்தது 1905 ஆகஸ்ட் 1 ஆந் திகதி. அதாவது, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் எங்கள் புகையிரதம் கொழும்போடு எவ்விதத் தொடர்புமின்றி, கடற்கரையில் ஆரம்பித்துத் தென்னந்தோப்பில் முடியும் ஒரு சிறு பாதையாகத் தனியே ஓடிக்கொண்டிருந்தது. வடமுனை தெற்கு நோக்கி வந்தது. தென்முனை வடக்கு நோக்கிச் சென்றது. இடையிலே வன்னியில் இரண்டும் கைகோத்தன.

அந்தக் கைகோப்பு எங்கள் வாழ்வையே மாற்றிவிட்டது. படித்த இளைஞர் அரசாங்க உத்தியோகத்துக்காகத் தென்னிலங்கை சென்றார்கள். மாத முடிவில் மணியோடர் வந்தது. மணியோடர் வந்த வீடுகளிலே கிடுகுக் கூரை ஓட்டுக் கூரையாயிற்று. புகையிலைச் சிப்பங்களும் வெங்காயமும் மிளகாயும் தெற்கே போயின. ஆனையிறவு உப்பும் காங்கேசன்துறைச் சீமெந்தும் பின்னர் அதே பாதையில் ஏறின. அதிகாலையில் இரவுத் தபால் வண்டி எங்கள் நிலையத்துக்கு வரும்போது, கொழும்பில் அச்சிட்ட பத்திரிகைக் கட்டுகள் மேடையிலே பொத்தென்று விழும். ஊரிலே எழுத்து வாசனையுள்ள நாலைந்து பேர் அந்தக் கட்டு அவிழும்வரை காத்து நிற்பார்கள். வாரமலரில் தம்முடைய கதை வந்திருக்கிறதா என்று பார்க்க வந்து, வரவில்லை என்று கண்டு, ஒன்றும் நடவாதது போல ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகும் வாத்தியார் ஒருவரும் அவர்களுள் இருந்தார். 1930 ஆம் ஆண்டிலே நா. பொன்னையா ஈழகேசரியைத் தொடங்கியது சுன்னாகத்தில். அதே 1930 இல் வீரகேசரி தொடங்கியது கொழும்பில். பாதையின் இரு முனைகளிலும் ஒரே ஆண்டிற் பத்திரிகைகள் பிறந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவற்றின் வாசகர்கள் ஒரே பாதையில் போய்வந்துகொண்டிருந்தவர்கள் என்பது தற்செயலன்று.

யாழ்தேவி கடுகதி 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆந் திகதி ஓடத் தொடங்கியது. அப்போது எனக்கு ஆறு வயது. தலைநகரையும் யாழ்ப்பாணத்தையும் பகல்வேளையிலேயே இணைத்த அந்த வண்டியின் பெயரைச் சொல்லும்போதே ஊரவர்க்குப் பெருமை. ஆனால், அதே ஆண்டு ஜூன் மாதத்திலேதான் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தூரத்தைக் குறைத்த வண்டியும் தூரத்தைக் கூட்டிய சட்டமும் இரண்டு மாத இடைவெளியில் வந்தன. 1958 மே மாதத்திற் பொலனறுவை நிலையத்திலும், 1977 இல் அநுராதபுரத்திலும் தமிழ்ப் பிரயாணிகள் தாக்கப்பட்டார்கள். 1985 ஜனவரி 19 ஆந் திகதி, முறிகண்டிக்கு அருகே, இராணுவத்தினர் பயணஞ் செய்த யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 1996 ஜூலையில் தெஹிவளையில் மாலை வண்டியில் வேலைமுடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாதாரண மக்கள் குண்டுவெடிப்பில் மாண்டார்கள். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. வண்டியிலே ஏறுகிறவன் தன்னை முற்றாக மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டே ஏறுகிறான். அந்த நம்பிக்கை உடைந்தபோது, பாதை இருந்தும் பயணம் இல்லாமற் போயிற்று.

இன்னொரு பாதையைப் பற்றியும் இவ்விடத்திற் கூறவேண்டும். மதவாச்சியிற் பிரிந்து தலைமன்னார்க்குப் போகும் பாதை 1914 இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டிலே அக்கரையிற் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிவரை புகையிரதம், அங்கிருந்து ஏறத்தாழ இருபது மைல் கடலைக் கடக்கக் கப்பல், தலைமன்னாரில் மறுபடியும் புகையிரதம் என்ற அந்த ஏற்பாட்டை மக்கள் போட் மெயில் என்றார்கள். சென்னையிலிருந்து சஞ்சிகைகளும், நாடகக்காரரும், வித்துவான்களும் அதில் வந்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களும் அதே வழியாகத்தான் கொண்டுவரப்பட்டார்கள். கடல் கடந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்த அந்த மனிதர்களின் துயரத்தைப் புதுமைப்பித்தன் துன்பக்கேணியிலே எழுதினார்.

அவர்கள் வந்த கதை அது. போன கதையும் உண்டு. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அனுப்பப்படவேண்டியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதங் கழியுமுன், டிசம்பர் 22 ஆந் திகதி இரவு அடித்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அங்கே போய்க்கொண்டிருந்த வண்டியைப் பிரயாணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கி ஆட்களை ஏற்றிய வண்டிகள் புறப்படும்போது, ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டியழுத ஓலத்தால் அந்த வண்டிக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கும் அதுவே தலைப்பு. எந்த அரசாங்க அறிக்கையும் சொல்லாததை இரண்டு சொற்களில் மக்கள் சொல்லி வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை ஓர் எழுத்தாளர் எடுத்துத் தலைப்பாக்கியபடியால், அது இன்று நூலகத்திலே இருக்கிறது.

நான் சொல்ல வந்த விடயத்துக்கு இப்போது வருகிறேன்.

என் தந்தையார் 1984 இல் ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்ற பிறகும் அவரது காது தண்டவாளத்திலேயே இருந்தது. எண்பது பக்கக் கொப்பியொன்றை வாங்கி, ஒவ்வொரு நாளும் எங்கள் நிலையத்தைக் கடந்த வண்டிகளின் நேரத்தைக் குறித்து வந்தார். போர் காரணமாகச் சேவை நின்றும் ஓடியும் இருந்த காலம் அது. 1990 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆந் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கான சேவை அடியோடு நின்றது. மறுநாட் காலை அவர் கொப்பியைத் திறந்து, திகதியைப் போட்டு, 'வண்டி இல்லை' என்று எழுதினார். அதற்கடுத்த நாளும் எழுதினார். நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டோம். கொப்பி முடிந்ததும் இன்னொரு கொப்பி வாங்கினார். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளே தாள் இல்லாமற் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சான அந்தக் காலத்தில், ஒரு கொப்பி வாங்குவது இலேசான காரியமன்று. "ஏனப்பு இந்த வீண்வேலை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "வராத வண்டிக்கும் கணக்கு இருக்க வேணும். இல்லாட்டி நாளைக்கு ஒருத்தன் வந்து, இஞ்சை எப்பவும் வண்டி ஓடேல்லை எண்டு சொல்லுவான்" என்றார்.

பாதை கண்முன்னே கரைந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பங்கர்களுக்குக் கூரையாயின. சண்டையிட்ட இரு தரப்பாருக்கும் அவை உதவின. எஞ்சிய கற்குவியலின் மேல் புல் முளைத்தது, ஆடு கட்டினார்கள். கூரையிழந்த நிலையங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அடுப்பு மூட்டின. வவுனியாவே பாதையின் முடிவிடமாயிற்று. வவுனியாவை அடைவதற்கு எங்கள் மக்கள் கிளாலிக் கடலை இரவிலே வள்ளத்திற் கடந்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குள் வந்து நிரம்பியபோது, எங்கள் வீட்டு முற்றத்தில் மட்டும் ஐந்து குடும்பங்கள். மழையில் ஒதுங்கிய அவர்களுக்கு விறகில்லை. அந்த நாட்களிலும் தந்தையார் கொப்பியை மடித்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுதினார். 1998 இல் அவர் காலமானார். கொப்பிகள் ஐந்தும் என் பொறுப்பில் இருந்தன.

2000 ஆம் ஆண்டிலே தென்மராட்சியிற் போர் மூண்டபோது நாங்கள் ஓடினோம். சமையற் பாத்திரங்களை எடுத்தேன். பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்தேன். காணி உறுதியை எடுத்தேன். கொப்பிகளை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டிற்குக் கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை. போர் அழித்தது என்று சொல்லி நான் தப்பிக்கொள்ளலாம். ஆனால் பத்தாண்டுக் காலம் அவை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைக்க எனக்குத் தோன்றவில்லை. எழுத்தைப் பற்றி மேடைகளிற் பேசித் திரிந்தவன் நான். வீட்டிலிருந்த எழுத்தை எழுத்தென்று அறிந்துகொள்ளவில்லை.

போர் 2009 இல் முடிந்தது. பாதை திரும்ப வந்தது. 2011 இல் ஓமந்தை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி. 2014 மார்ச்சிற் பளை. 2014 ஒக்டோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாணம். 2015 ஜனவரி 2 ஆந் திகதி காங்கேசன்துறை. இந்தியக் கடனுதவியோடு இந்திய நிறுவனமான இர்கொன் அதை அமைத்தது. வரிசையைக் கவனியுங்கள், நேயர்களே. 1902 இல் முதலாவது நிலையமாயிருந்த காங்கேசன்துறை, இம்முறை கடைசி நிலையம். முதற் தடவை கடலிலிருந்து தெற்கு நோக்கி வந்த பாதை, இரண்டாந் தடவை தெற்கிலிருந்து கடலை நோக்கிச் சென்றது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாதை வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். யாழ்தேவி மீண்டும் எங்கள் நிலையத்தைக் கடந்த அன்று நானும் கடவையடியிலே நின்றேன். என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேலிருக்கும். வாழ்க்கையில் முதன்முறையாகப் புகையிரதத்தைப் பார்ப்பதாகச் சொன்னாள். அது வரும் வேகத்தைக் கண்டு இரண்டடி பின்வாங்கினாள்.

பாதை வந்த பிறகு, காவலற்ற கடவைகளிற் பல உயிர்கள் போயின. இருபத்துநான்கு ஆண்டுகள் வண்டி வராத பாதையைக் குறுக்கே கடந்து பழகிய கால்கள் அவை. தண்டவாளத்தைக் கண்டால் நின்று, இருபக்கமும் பார்த்துச் செவிமடுக்க வேண்டும் என்பது எங்கள் தலைமுறைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அடுத்த தலைமுறைக்கு அது வரவில்லை. ஒரு பழக்கம் கைமாறாமல் அறுந்துபோனால் என்னவாகும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

புதிய பாதையில் நவீன சைகை முறை வந்துவிட்டது. வளையமும் தோற்பையும் எங்கள் பக்கத்தில் இப்போது இல்லை. மலைநாட்டுப் பாதையில் அவற்றை நீங்கள் பார்த்திருக்கலாம். கருவி மாறினாலும் விதி மாறவில்லை. இன்றும் ஒற்றைப் பாதையில் இரு முனையும் இசைந்தாற்றான் வண்டி நகரும். வரலாற்றுக்கும் அதே விதிதான் என்று நான் நம்புகிறேன். கொழும்பு முனையிலே ஆண்டறிக்கைகள் இருக்கின்றன, வரைபடங்கள் இருக்கின்றன, திறப்பு விழாப் படங்கள் இருக்கின்றன. அந்தப் பதிவுகளில் 1990 முதல் 2014 வரையிலான காலம் 'சேவை இடைநிறுத்தம்' என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு வரிக்குள்ளே எங்கள் முனையின் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள் இருக்கின்றன. அவற்றுள் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட நாட்களை ஒருவர் தினந்தோறும் எழுதிவைத்தார். அவருடைய மகன் அதைத் தொலைத்துவிட்டான்.

ஆகவே, இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலே புகையிரதப் பகுதியில் வேலை செய்த முதியவர் எவரேனும் இருந்தால் அவரிடம் போய் இருங்கள். கடவைக் காவலராக இருந்தவர், கரி அள்ளியவர், ரிக்கற் கொடுத்தவர், மேடையிலே கடலை விற்றவர், எவராயினும் சரி. தலைமன்னார் வண்டியில் உறவினரை ஏற்றிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய பாட்டிமாரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஆண்டும் ஊரும் குறித்து எழுதுங்கள். கதையாக எழுதத் தெரிந்தவர்கள் கதையாக எழுதுங்கள். தெரியாதவர்கள் சொன்னது சொன்னபடியே எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை எடுத்து வேறொரு வீட்டிற் கொடுத்து வையுங்கள்.

இந்தக் கடைசி விடயத்தை மறந்துவிடாதீர்கள்.